அப்பாவின் டிரங்குப் பெட்டியில் நிலவுக்குப் போன கடிதமா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தந்தை பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக (தோட்டத்து எழுத்தராக) சேர்ந்து பெரிய கிராணியாக ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், உயில் எழுதாமல் காலமானார். தாயார் இருக்கிறார். பிள்ளைகள் மூவர்: ஓர் அண்ணன், இவர், ஒரு தம்பி. தந்தை விட்டுப்போனவற்றில் பட்டணத்தில் வாங்கிய ஒரு வீடும் பூட்டிய டிரங்குப் பெட்டியும் உண்டு. பெட்டிக்குள் விண்வெளிப் பயணங்களை ஒட்டிய அஞ்சல் உறைகள் அறுபதுக்கு மேல். அவற்றில் ஒன்றில் ‘மூன் லேண்டிங், யு.எஸ்.ஏ., ஜூலை 20, 1969’ என்று முத்திரை இருக்கிறது. "இது நிலவிலேயே முத்திரை குத்தின கவர், ரெண்டு லட்சம் வெள்ளிக்குக் குறையாது, மூத்த பிள்ளை நான், பெட்டி எனக்கு" என்கிறார் அண்ணன். மற்ற உறைகளின் தபால்தலைகளை மட்டும் வெட்டியெடுத்து ஆல்பத்தில் ஒட்டலாம் என்றும் சொல்கிறாராம். ஆனால் ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் அப்பா பெட்டியின் சாவியை இந்தச் சகோதரியின் கையில் கொடுத்து, "இது உனக்குத்தாம்மா, பத்திரமா வெச்சிக்க" என்றிருக்கிறார். அப்போது அம்மாவும் அருகில் இருந்தார்.

இதற்கிடையில், அப்பாவின் நினைவாக ஏதாவது சேர்க்க வேண்டும் என்று, கூட்டு (சீட்டு) எடுத்த பணத்தில் 6,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, முகநூலில் ‘அப்போலோ 15-இல் நிலவுக்குப் போய் வந்தது’ என்று விளம்பரம் செய்யப்பட்ட ஓர் உறையை 14 மாதங்களுக்கு முன் வாங்கியிருக்கிறார். இப்போது அதன்மேல் சந்தேகம். போதாக்குறைக்கு, வெளிநாட்டு ஏல நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 1,500 வெள்ளி ‘சான்றிதழ் கட்டணம்’ கட்டினால் பெட்டி முழுவதையும் பெரிய தொகைக்கு விற்றுத் தருவதாகச் சொன்னாராம்.

அவர் கேட்பவை: இவற்றுக்கு உண்மையில் என்ன மதிப்பு? பெட்டி யாருக்குச் சொந்தம்? 6,800 வெள்ளி திரும்பக் கிடைக்குமா, அல்லது அந்த உறையை அப்படியே வேறொருவருக்கு விற்றுவிடலாமா? விண்வெளிப் பொருள்கள் எல்லாம் நாசாவுக்குச் சொந்தம் என்கிறார்களே, வீட்டில் வைத்திருப்பது குற்றமா?

அன்புச் சகோதரி,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு இரண்டு மாலைகள் உட்கார்ந்திருந்தேன். வழக்கறிஞர் தொழிலுக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. தபால்தலை சேர்க்கும் பழக்கம் அதற்கும் மூத்தது. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். சட்டத்துக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவோம். உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமலே அண்ணனும் தங்கையும் முகம் பாராமல் இருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் வருத்தமாக இருந்தது.

அந்த முத்திரை நிலவில் குத்தப்பட்டதா?

இல்லை. அண்ணன் பொய் சொல்லவில்லை, முத்திரையில் எழுதியிருப்பதைத்தான் படித்துச் சொல்கிறார். ஆனால் அந்த உறையில் ஒட்டியிருக்கும் தபால்தலையைப் பாருங்கள். விண்வெளி வீரர் ஒருவர் இறங்குகலத்திலிருந்து நிலவுத் தரையில் கால் வைக்கும் படம், 10 சென்ட். அந்தத் தபால்தலை விற்பனைக்கு வந்ததே 1969 செப்டம்பர் 9-ஆம் தேதிதான். ஆம்ஸ்ட்ராங் இறங்கியது ஜூலை 20. ஏழு வாரம் கழித்து வெளிவந்த தபால்தலை அன்றைக்கு நிலவில் எப்படி இருந்திருக்கும்? உங்கள் படத்தில் இடப்பக்கம் இரண்டாவது முத்திரை ஒன்றும் தெரிகிறது, வாஷிங்டன், செப்டம்பர் 9 என்று. அமெரிக்க அஞ்சல் துறை முதல் நாள் உறைகளில், அதாவது புதுத் தபால்தலையை ஒட்டி அது வெளியான நாளின் முத்திரை பெறும் உறைகளில், வெளியீட்டு நாளின் முத்திரையோடு, நிலவிறக்கத்தின் நினைவாக ஜூலை 20 தேதியிட்ட முத்திரையையும் சேர்த்துக் குத்திக் கொடுத்தது. அப்படி முத்திரை வாங்கிக்கொண்ட உறைகள் 80 லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவில் இன்று அவை சில டாலருக்கே கிடைக்கின்றன.

மெய்யாகவே அந்தப் பயணத்தில் போய்வந்த உறை ஒன்று இருக்கிறது. அந்தத் தபால்தலையின் அச்சுப் படி ஒன்றை உறையில் ஒட்டி, முத்திரைக் கட்டையோடும் மைப்பெட்டியோடும் அப்போலோ 11 வீரர்களிடம் அஞ்சல் துறை கொடுத்தனுப்பியது. நிலவில் இருந்தபோது அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. பூமிக்குத் திரும்பும் வழியில் கலத்துக்குள் வைத்துத்தான் முத்திரை குத்தினார்கள். அது அமெரிக்க அரசின் உடைமை. யாருடைய டிரங்குப் பெட்டிக்கும் வர வழியில்லை.

இதை அண்ணனிடம் நீங்கள் வாயால் சொல்லவேண்டாம். உறையை மேசைமேல் வைத்து இரண்டு தேதிகளையும் அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

மற்ற உறைகளில் பெரும்பாலானவை ஏவுநாள் உறைகள், ராக்கெட் கிளம்பிய நாளின் முத்திரை பெற்றவை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். உங்கள் படங்களிலேயே என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது 1969 ஜூலை 16 தேதியிட்ட உறைதான், அப்போலோ 11 புறப்பட்ட நாள், கென்னடி விண்வெளி மைய முத்திரை. அதில் பெறுநர் முகவரியைப் பாருங்கள். உங்கள் அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர், சுங்கை சிப்புட், பேராக், மேற்கு மலேசியா. தட்டச்சில் அடித்திருக்கிறார், ‘எஸ்’ எழுத்து ஒவ்வொரு இடத்திலும் சற்று மேலே ஏறி நிற்கிறது. தோட்டத்து ஆபீஸ் தட்டச்சுப் பொறியாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சேகரிப்போர் தம் முகவரியை எழுதிய உறையை இன்னோர் உறைக்குள் வைத்து, தபால் செலவுக்குரியதையும் சேர்த்து, ஏவுதளத்து அஞ்சல் அதிகாரிக்கு அனுப்புவார்கள். ராக்கெட் கிளம்பும் நாளில் அங்கே முத்திரை குத்தி சாதாரணத் தபாலில் திருப்பி அனுப்புவார்கள். பெட்டியின் அடியில் ‘சர்வதேச பதில் கூப்பன்’ என்று சில சீட்டுகள் கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்களே, அவை அதற்காக வாங்கியவை. இந்த உறைகள் ராக்கெட்டில் ஏறவில்லை. ஆனால் மே 13 கலவரம் நடந்து இரண்டு மாதமே கழிந்திருந்த, நாடு அவசரகாலத்தில் இருந்த அந்த ஜூலையில், இருபத்திரண்டு வயதுச் சின்னக் கிராணி ஒருவர் ரப்பர்ப் பால் கணக்கு எழுதும் மேசையிலிருந்து கேப் கென்னடிக்குக் கடிதம் போட்டு, பதிலும் வாங்கியிருக்கிறார். எனக்குத் தெரிந்து நம் தோட்டப்புறங்களில் இப்படி ஒரு சேகரிப்பு இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பணமாகச் சொன்னால் ஒவ்வொன்றும் சில டாலர், அரிதாகச் சில பத்து டாலர். ஜூலை 24 தேதியில் யு.எஸ்.எஸ். ஹார்னெட் கப்பல் முத்திரையுள்ள உறை இரண்டு இருக்கின்றன. வீரர்களைக் கடலிலிருந்து மீட்ட கப்பல் அது. அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம்.

பெட்டியில் ஆம்ஸ்ட்ராங் கையெழுத்திட்ட படம் ஒன்றும் இருக்கிறது, அதன்மேல் உங்களுக்கு நம்பிக்கை அதிகம் என்று தெரிகிறது. அவசரப்பட வேண்டாம். வீரர்களிடம் கையெழுத்துக் கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்த காலம் அது. ஒருவருடைய கையெழுத்தை அச்சுமாறாமல் போட்டுத்தரும் இயந்திரப் பேனாவைப் பயன்படுத்திப் படங்களை அனுப்பினார்கள். கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மை புள்ளிபோல் தேங்கியிருக்கிறதா, கோட்டின் கனம் ஒரே சீராக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் இயந்திரம் போட்டது. விலை பேசுமுன் கையெழுத்து ஆய்வில் பழகிய ஒருவரிடம் காட்டியாக வேண்டும்.

உண்மையாகவே விண்வெளிக்குப் போனது

நீங்கள் ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்த பொருள் ஒன்று இருக்கிறது. "கழுகுத் தலையும் நிலாவும் போட்ட பெரிய தபால்தலையோடு ஒரு மடிப்பு அட்டை, அண்ணன் அதை ஓரமாகப் போட்டுவிட்டார்" என்று. அதைத் தயவுசெய்து எடுத்து உள்ளே வையுங்கள்.

அந்தக் கழுகுத் தபால்தலையின் விலை 9 டாலர் 35 சென்ட். 1983 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சேலஞ்சர் விண்ணோடம் எஸ்.டி.எஸ்-8 பயணத்தில் கிளம்பியபோது, இந்தத் தபால்தலை ஒட்டிய உறைகள் ஏறக்குறைய 2,60,000 அதில் ஏற்றப்பட்டன. செப்டம்பர் 5-ஆம் தேதி கலிபோர்னியாவில் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறங்கியதும் அமெரிக்க அஞ்சல் துறை ஓர் உறை 15 டாலர் 35 சென்ட் என்று பொதுமக்களுக்கு விற்றது. அன்றைய மாற்று விலைக்கு 35 வெள்ளி வரும். நான்கு வயிற்றுக்குச் சோறு போடவேண்டிய கிராணி அதைக் கொடுத்து வாங்கியிருக்கிறார். (அதே பயணத்தில்தான் இந்தியாவின் இன்சாட்-1பி செயற்கைக்கோளும் போனது. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போய்ச் சேர்ந்த கதையில் அதற்கும் பங்குண்டு.)

உங்கள் பெட்டியில் பூமியை விட்டுக் கிளம்பி, பலமுறை சுற்றித் திரும்பி வந்தது என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருப்பதால் விலை ஏறவில்லை, இன்றும் சில பத்து டாலருக்குள் கிடைத்துவிடும். விண்வெளிக்குப் போனதாலேயே ஒரு பொருளுக்கு விலை ஏறிவிடும் என்று நீங்கள் எண்ணியிருந்தால், இந்த அட்டை அதற்குப் பதில் சொல்லும். எத்தனை போயின, யார் கொண்டுபோனார்கள், அதற்கு எழுத்தில் என்ன சாட்சி இருக்கிறது என்ற மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன.

அந்த 6,800 வெள்ளி

அப்போலோ 15 என்ற பெயரைச் சொல்லி உங்களிடம் விற்றிருக்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள கதை தெரிந்தால் உங்கள் சந்தேகம் தீரும்.

1971 ஜூலை 26-இல் புறப்பட்ட அப்போலோ 15-இல் டேவிட் ஸ்காட், ஆல்பிரெட் வோர்டன், ஜேம்ஸ் இர்வின் மூவரும் போனார்கள். அனுமதி பெற்ற உறைகளோடு, நாசாவுக்குச் சொல்லாமல் ஏறத்தாழ 400 உறைகளையும் எடுத்துப் போனார்கள். அவற்றில் 100 உறைகள் ஜெர்மனியின் ஹெர்மான் சீகர் என்ற தபால்தலை வணிகரிடம் சேர்ந்தன. அவர் ஒவ்வொன்றையும் 4,850 மார்க்குக்கு விற்றார். செய்தி வெளியானதும் மூவரும் கண்டிக்கப்பட்டார்கள், மறுபடி விண்வெளிக்குப் போகும் வாய்ப்பையே இழந்தார்கள். மீதி 298 உறைகளை 1972-இல் அரசு எடுத்துக்கொண்டது. வோர்டன் வழக்குப் போட்ட பிறகு 1983-இல் அவை திரும்பக் கிடைத்தன. அதே ஆண்டு அரசே விண்ணோடத்தில் உறைகளை ஏற்றி விற்கத் திட்டமிட்டிருந்தது, அவருடைய வாதத்துக்கு அது வலுச்சேர்த்தது. உங்கள் அப்பாவின் கழுகு அட்டையும் இந்த வழக்கும் ஒரே ஆண்டில் சந்திக்கின்றன என்பதை ஒரு சேகரிப்பாளனாக நான் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

அந்த 400-இல் ஒன்று உங்களிடம் வந்திருந்தால் அதில் கென்னடி மையத்தின் ஜூலை 26 முத்திரை இருக்கும். மீட்புக் கப்பலான ஒகினாவாவின் ஆகஸ்ட் 7 முத்திரை இருக்கும். மூன்று வீரர்களின் கையெழுத்தும் இருக்கும், சீகரிடம் சேர்ந்தவற்றில் நிலவில் இறங்கிய உறை என்று வீரர்கள் எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். ஏலத்தில் அது பல ஆயிரம் டாலர் போகும், 6,800 வெள்ளிக்கு யாரும் முகநூலில் தரமாட்டார்கள். உங்கள் உறையில் ஜூலை 26 முத்திரை ஒன்று மட்டும் இருக்கிறது. ‘நிலவுக்குப் போய் வந்தது’ என்ற வாசகம் ரப்பர் முத்திரையில், ஊதா மையில், எழுத்து விளிம்பில் கசிந்து நிற்கிறது. கையெழுத்து ஒன்றுகூட இல்லை. இது ஏவுநாள் உறை, பின்னால் யாரோ முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

நீங்கள் வெட்கப்பட்டு இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் எனக்கும் இது நடந்தது. ஒரு கடையில் விண்ணில் பறந்த உறை என்று சொல்லி அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள். வழக்கறிஞனே ஏமாந்தான் என்று பேசுவார்களே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன், காலக்கெடுவும் போய்விட்டது. நீங்கள் அப்படி இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. விற்றவர் முகநூலில் ஒரு பக்கம் நடத்தித் தொடர்ந்து விற்பவர் என்று நீங்கள் அனுப்பிய படங்கள் காட்டுகின்றன. அப்படியானால் அவர் வணிகர், நீங்கள் பயனீட்டாளர். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அவர் பக்கத்தில் எழுதியிருப்பது இந்த உரிமையை அழிக்காது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளி, பொதுவாக வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது, அது உங்களுக்கு நல்லதே. மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், 14 மாதம் போய்விட்டது.

அவர் ஒரே ஒரு தடவை விற்ற தனியாள் என்று தெரியவந்தால் அந்த மன்றம் ஏற்காது. அப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் தவறான கூற்றை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை நீங்கள் ரத்துச் செய்யலாம். 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் விவரத்துக்குப் பொருந்தாத பொருளை ஏற்கத் தேவையில்லை என்கிறது. இதற்கு ஆறாண்டு அவகாசம் உண்டு, செலவும் உண்டு.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றே. விளம்பரம், உரையாடல், வங்கியில் பணம் அனுப்பிய சீட்டு மூன்றையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள், அவர் பக்கத்தை அழித்துவிட்டால் பிறகு எதுவும் கிடைக்காது. பிறகு 14 நாள் அவகாசம் கொடுத்துப் பணத்தைத் திருப்பக் கேட்டு எழுதுங்கள். பணம் கைக்கு வருமுன் உறையைத் திருப்பித் தராதீர்கள், அதுவே உங்கள் சாட்சி.

போலீஸில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம், ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். தண்டனைச் சட்டம் 420-ஆவது பிரிவில் மோசடிக்கு ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை இருக்கிறது. அதற்கு, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். அவரும் வேறொருவரிடம் ஏமாந்து, உண்மையென்று நம்பி விற்றிருந்தால் குற்றவழக்கு நிற்பது கடினம். பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை மட்டும் அப்போதும் உங்களிடம் இருக்கும்.

வேறொருவருக்கு விற்றுவிடலாமா என்று கேட்டீர்கள். ‘நிலவுக்குப் போய் வந்தது’ என்று சொல்லி விற்காதீர்கள். இப்போது உங்களுக்கு உண்மை தெரியும். தெரிந்தபின் அந்த வாசகத்தோடு விற்றால், அவர் நின்ற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

1,500 வெள்ளி கேட்டவருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். பொருளை நேரில் பாராமல் விலை சொல்லி, விற்பதற்கு முன்பே கட்டணம் கேட்பது நன்றாகத் தெரிந்த மோசடி முறை. மறுபடி அழைத்து வங்கி விவரம் எதையாவது வாங்கிவிட்டார்கள் என்றால், உடனே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பெட்டி யாருக்கு?

மூத்த மகனுக்குத்தான் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம், சட்டத்தில் இடமில்லை. தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டி இருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு உங்கள் மூவருக்கும் சமம். மகன், மகள், மூத்தவர், இளையவர், திருமணமானவர் என்ற பேதம் கிடையாது. வீட்டுக்கும் இதே கணக்குதான். பெட்டிச் சண்டையில் வீட்டு விவகாரம் இரண்டு ஆண்டாகக் கிடப்பில் கிடக்கிறது. மாவட்ட நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பகிர்வுக்கு மனுக் கொடுத்து அதை முதலில் முடியுங்கள்.

"இது உனக்குத்தாம்மா" என்ற சொல் உயிலாகாது. உயில் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் முன் கையொப்பம் இருக்க வேண்டும். ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. சாவு நெருங்கிவிட்டது என்ற எண்ணத்தில் ஒருவர் ஒரு பொருளையோ, அதைத் திறக்கும் சாவியையோ கையில் ஒப்படைத்தால், இறந்தபின் அது வாங்கியவருக்குச் சேரும் என்று ஒரு பழைய கோட்பாடு உண்டு. அப்பா கொடுத்தது சாவி, கொடுத்த இடம் ஆஸ்பத்திரிக் கட்டில், பார்த்தவர் அம்மா. உங்கள் தரப்பு வெறும் பேச்சல்ல. இருந்தாலும் இறந்தவர் சொன்னதாக வரும் கூற்றை நீதிமன்றம் நன்றாகத் துருவித்தான் ஏற்கும், அதற்கு அம்மா சாட்சிக் கூண்டில் ஏறி ஒரு பிள்ளைக்கு எதிராக இன்னொரு பிள்ளைக்காகப் பேச வேண்டியிருக்கும்.

பெட்டி முழுவதையும் விற்றாலும் ஓரிரு ஆயிரம் வெள்ளி தேறலாம். வழக்குச் செலவு அதைப் பலமடங்கு தாண்டும். அண்ணனுடைய கோபத்தில் பாதி அந்த இரண்டு லட்சத்தின் மேல் கட்டிய கோபுரம். இரண்டு தேதிகளையும் படித்தபிறகு அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அம்மாவும் பிள்ளைகள் மூவருமாக உட்கார்ந்து, பெட்டி யாரிடம் இருக்கும், விற்பதானால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரே தாளில் முடித்துக்கொள்ளலாம். நீங்கள் வாங்கிய அப்போலோ 15 உறை உங்கள் பணத்தில் வந்தது, அது அந்தக் கணக்கில் சேராது.

நாசா பயத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்கா உரிமை கொண்டாடுவது நிலவுக் கல், நிலவுத் தூசி போன்றவற்றை. பழைய அப்போலோ வீரர்கள் தங்களிடம் வைத்துக்கொண்ட நினைவுப் பொருள்களே அவர்களுக்குச் சொந்தம் என்று 2012-இல் அங்கே சட்டம் வந்துவிட்டது. காசு கொடுத்துத் தபாலில் வரவழைத்த உறையை வைத்திருப்பதற்கு எவரும் கேள்வி கேட்க முடியாது. இன்னொன்று, நம் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் ஷுகோர் விண்வெளிக்குப் போன 2007 அக்டோபர் 10 தேதியிட்ட உறைகள் நம் நாட்டில் ‘விண்ணில் பறந்தவை’ என்று விற்கப்படுவதைப் பார்த்தால் வாங்காதீர்கள். அந்தத் தேதி முத்திரை பூமியில் எந்த அஞ்சலகத்திலும் குத்தியிருக்கலாம்.

கடைசியாக, வெட்டுவது பற்றி. தபால்தலையை உறையிலிருந்து வெட்டினால் தேதியும் ஊரும் முகவரியும் போய்விடும், மிஞ்சுவது சில காசு பெறும் தாள். அண்ணனிடம் கத்திரிக்கோலை மட்டும் எப்படியாவது தடுங்கள். டிரங்குப் பெட்டியின் துரு, ரப்பர் பாண்டு, செலோ டேப், லேமினேஷன் நான்கும் இந்த உறைகளுக்கு எமன். நம் ஈரக் காற்றில் பூச்சியும் பூசணமும் சேர்ந்துவிடும். ஒவ்வோர் உறையையும் அமிலமில்லாத தாளுக்கிடையில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு மூடிபோட்ட பெட்டிக்கு மாற்றுங்கள். அப்பா எழுதிய கடித நகல்கள், கூப்பன் சீட்டுகள், வங்கி டிராஃப்ட் அடிக்கட்டை எதையும் குப்பையில் போடாதீர்கள். இந்த உறைகள் எப்படி வந்தன என்பதற்கு அவைதான் எழுத்துச் சாட்சி. கோலாலம்பூரில் தபால்தலைக் கண்காட்சி நடக்கும்போது ஒருமுறை எடுத்துப்போய்க் காட்டுங்கள். அங்கே விண்வெளி உறைகளில் பழகியவர்கள் வருவார்கள், பார்த்துச் சொல்லக் கட்டணம் கேட்கமாட்டார்கள்.

1969 ஜூலை 16 உறையின் பின்பக்கத்தை நீங்கள் படமெடுத்து அனுப்பவில்லை. திருப்பிப் பாருங்கள். சுங்கை சிப்புட் அஞ்சலகத்தின் வரவு முத்திரை அங்கே இருந்தால், அது எந்தத் தேதி என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் அப்பா அதைத் தோட்டத்துத் தபால் பையிலிருந்து கையில் எடுத்தது எந்த நாள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.